நண்பர்கள் மதுரைக்கு வருகிறார்கள்: வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே படிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஈப்போ, கிள்ளான் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். முதல் பருவத் தேர்வு முடிந்ததும் ஆளாளுக்கு ஒரே கேள்வியோடு கீழே இறங்கி வருவார்கள்: "அக்கா, ஊர்லேருந்து கூட்டாளிங்க வராங்க. மூணு நாள்தான் இருப்பாங்க. எங்க கூட்டிட்டுப் போறது?" கையில் பட்டியல் இருக்கும். மீனாட்சி கோயில், மகால், அழகர்கோயில், கீழடி, ராமேசுவரம், கொடைக்கானல் எல்லாம் அதில் இருக்கும். மூன்று நாளில்!

பட்டியலை ஓரமாக வையுங்கள். மதுரையில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். பூச்சந்தையின் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்குள் போயாக வேண்டும். மலையேறினால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் பாறை சுடும். பரோட்டாக் கல்லோ பொழுது சாய்ந்த பிறகுதான் களைகட்டும். இந்த ஊரின் நேரத்துக்கு நாம் வளைந்தால் மூன்று நாள் தாராளம். அதனால் இந்த வழிகாட்டியை இடவாரியாக இல்லாமல் பொழுதுவாரியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எப்போது வரச் சொல்வது

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கொழும்பு, கோலாலம்பூர் பிள்ளைகள் "எங்களுக்கு வெயில் பழக்கம்தானே" என்பார்கள். அவர்களுக்குப் பழக்கமானது ஈரக்காற்று கலந்த புழுக்கம். இங்கே அடிப்பது வறண்ட வெயில், வியர்வை தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

சித்திரைத் திருவிழா தனிக் கதை. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேரோட்டம், சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவது என்று ஊரே தெருவில் நிற்கும். லாட்ஜுகள் வெகு முன்பே நிறைந்துவிடும், பஸ்களை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே நண்பர்கள் வந்தால் வரட்டும். அந்த வாரத்தில் திருவிழாவைத் தவிர வேறு எதற்கும் திட்டம் போடாதீர்கள். பொங்கலும் அப்படித்தான். தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்து பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசையாக நடக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அலங்காநல்லூரில் சுற்றுலாத் துறை தனி மேடை போடுவது வழக்கம். அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கம்பிவேலியில் தொங்குவதைவிட அது நல்லது.

கிழமையையும் பாருங்கள். செவ்வாய், வெள்ளி இரண்டும் அம்மனுக்கு உகந்த நாள் என்பதால் கோயிலில் கூட்டம் அதிகம். காந்தி அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் சேர்ந்து வந்தால் விளக்குத்தூண் பக்கம் நடக்கவே முடியாது. புதன் காலையில் வந்து இறங்கி வெள்ளி இரவு கிளம்புவது எனக்குத் தெரிந்து நல்ல கணக்கு.

இரண்டாம் படி: பாஸ்போர்ட், அறை, பணம்

உங்கள் விடுதியில் நண்பர்களை இரவு தங்கவைக்க விடமாட்டார்கள், அதைக் கேட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பாஸ்போர்ட், விசா இரண்டையும் கேட்பார்கள். சிறிய லாட்ஜுகளில் சிலர் இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு "ரூம் இல்ல தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முன்பதிவு செய்யும்போதே "வெளிநாட்டு பாஸ்போர்ட்" என்று சொல்லி உறுதிப்படுத்துங்கள். வாடகை வீட்டில் தங்கவைத்தாலும் இதே விதிதான். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் மாடியில் ஆள் ஏற்றாதீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

பிள்ளைகள் அடிக்கடி மறப்பது ஒன்று உண்டு. நண்பர்களோடு நீங்களும் லாட்ஜில் ஒரு இரவு தங்கினால் நீங்களும் வெளிநாட்டவர்தான். நாலு வார்த்தை மதுரைத் தமிழ் பேசிவிட்டதால் கவுன்டரில் விட்டுவிடமாட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட்டையும் தங்குரிமைச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

அறை எங்கே எடுப்பது? ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில், டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதிப் பக்கம் எடுங்கள். சத்தம் இருக்கும், அறை சிறியதாக இருக்கும். ஆனால் கோயிலுக்கு நடந்து போகலாம், நள்ளிரவில் இட்லி தின்றுவிட்டு நடந்தே திரும்பலாம். மொட்டை மாடியுள்ள லாட்ஜாகக் கேளுங்கள், அங்கிருந்து கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். மாட்டுத்தாவணிப் பக்கம் அறை அகலமாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். இளநீர்க்காரர் வரை இங்கே ஜிபே அட்டை தொங்குகிறது. உங்களுக்கு இந்திய வங்கிக் கணக்கு இருக்கும், நண்பர்களுக்கு இருக்காது. ஆகவே மூன்று நாளும் செலவு செய்பவர் நீங்கள்தான். வந்து இறங்கியதும் ஆளுக்கு இவ்வளவு என்று ரூபாயாக வாங்கி ஒரு உறையில் போட்டுக்கொள்ளுங்கள். பொதுச்செலவு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். தீர்ந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கூச்சப்பட்டுக்கொண்டு "பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்டால், விமானம் ஏறிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. கொஞ்சம் சில்லறையும் தனியாக வைத்திருங்கள், கோயில் வாசலில் அது ஏன் தேவை என்பதைக் கீழே சொல்கிறேன். நண்பர்கள் இங்கே சிம் வாங்கினால் அது வேலை செய்யத் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை உங்கள் ஹாட்ஸ்பாட்தான்.

மூன்றாம் படி: வந்து இறங்குவது

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டி இருக்கிறது. வெளியே வந்ததும் ஆப்பில் கார் போடுவதே நிம்மதி. ரயிலில் வந்தால் மதுரைச் சந்திப்பு ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, லாட்ஜுக்கு நடந்து போகலாம்.

குழப்பம் பஸ்ஸில்தான். மூன்று நிலையங்களையும் நண்பர்களுக்கு முன்பே எழுதி அனுப்புங்கள். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமேசுவரம், திருநெல்வேலி பஸ்கள் மாட்டுத்தாவணியில். தேனி, திண்டுக்கல், கோவை, கொடைக்கானல் பஸ்கள் ஆரப்பாளையத்தில். பெரியார் நிலையம் டவுன்பஸ்ஸுக்கு. மலேசியப் பிள்ளைகள் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், பெயர்ப்பலகையை வாசிக்கத் தடுமாறுவார்கள். அவர்களைத் தனியாக டவுன்பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். கூடவே போங்கள், அது ஒரு நல்ல அனுபவம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதைக் கேட்டு அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்.

நான்காம் படி: முதல் நாள் சாயங்காலமும் இரவும்

வந்தவர்களைக் குளிக்கவிட்டுத் தூங்கவிடுங்கள். நாலு மணிக்கு வெளியே வந்தால் போதும்.

முதலில் தெருக்களின் அமைப்பைச் சொல்லிக்கொடுங்கள், அதற்குப் பிறகு அவர்கள் தொலைய மாட்டார்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். 'கீழ' என்றால் கிழக்கு, 'மேல' என்றால் மேற்கு. தெருப் பெயரைப் படித்துவிட்டால் கோயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். வெளி வீதி இருக்கும் இடத்தில்தான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் அவற்றை இடித்து, தூர்த்து, ஊரை அகலப்படுத்தினார். அந்த வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி, மாரட் இருவர் பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண். விலாசம் சொல்லும்போதெல்லாம் அந்த மூவரையும் நாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாலை ஐந்துக்குள் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விடுங்கள். நுழைவுச் சீட்டில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். 1636-இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். மகாலின் பழைய அளவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் நடந்து, துணிக்கடைகள் நெருக்கும் பத்துத்தூண் சந்துக்குள் நுழையுங்கள். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே, எதையும் தாங்காமல், பிரம்மாண்டமான கல்தூண்கள் வரிசையாக நிற்கும். அரண்மனை அதுவரை நீண்டிருந்தது. மகாலுக்குள் பார்த்ததைவிட இந்தச் சந்தில்தான் என் மாடிப் பிள்ளைகள் வாயைப் பிளந்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம்பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஆளுக்கு ஒன்று போதும், இரண்டாவது குடித்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

ஏழரை மணி சுமாருக்குக் கோயில். இந்த நேரத்தைத் தெரிந்தே சொல்கிறேன். பகல் முழுக்கச் சுட்ட கல் தரை அப்போதுதான் பாதத்துக்குத் தாங்கும். காலை ஐந்து மணி சுமாருக்குத் திறந்து மதியம் பன்னிரண்டரைக்கு மேல் நடை சாத்துவார்கள், மறுபடி நாலு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிவாக்கில் முடியும். உடை விஷயத்தில் வாசலிலேயே நிறுத்துவார்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கூடாது. வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் எதுவும் சரி.

செல்போனை உள்ளே விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஒவ்வொரு வாசலிலும் போனையும் செருப்பையும் வாங்கிவைக்கும் இடம் உண்டு. போனைக் கொடுத்துவிட்டால் ஜிபேயும் போய்விடும், சில்லறை அதற்காகத்தான். கேமரா இல்லாத இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. உள்ளே போகுமுன் "பிரிஞ்சா பொற்றாமரைக் குளம், தெற்குப் படிக்கட்டு" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் போனைக் கொடுத்தீர்களோ அதே வாசலில் வெளியே வாருங்கள். நாலு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் செருப்பைத் தேடி வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்றும் கோஷ்டி தினமும் ஒன்றாவது இருக்கும்.

நண்பர்களில் இந்து அல்லாதவர் இருந்தால் கொடிமரத்தைத் தாண்டிக் கருவறைப் பக்கம் அனுமதியில்லை. இதை வாசலில் வைத்துச் சொன்னால் மனசு கஷ்டப்படும், முன்தினமே சொல்லிவிடுங்கள். பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம், ஆடி வீதி எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 985 வரும். வடக்கு ஆடி வீதியில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் இருக்கின்றன. தரிசனத்துக்குப் போகிறவர்கள் போய்வரட்டும், மற்றவர்களோடு நீங்கள் குளத்துப் படியில் உட்காருங்கள். யாரையும் தனியே விடாமல் இருப்பதுதான் அழைத்துப் போனவரின் வேலை.

ஒன்பது மணிக்கு மேல் கிளம்பிவிடாதீர்கள். நடை சாத்துமுன் சுவாமி சன்னதியிலிருந்து சொக்கநாதரின் திருவடிகளை வெள்ளிப் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். மேளமும் தீவட்டியும் சாம்பிராணிப் புகையுமாகப் பல்லக்கு கடந்து போகும்போது, அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் தன்னால் வழிவிடும். மதுரையில் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்பேன்.

வெளியே வந்ததும் நான்கு கோபுரங்களையும் வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்க்கலாம். சித்திரை வீதியில் வண்டிகள் கிடையாது. மிக உயரமானது தெற்குக் கோபுரம், சுமார் 170 அடி, 1559-இல் எழுந்தது. வடக்குக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்போம், அதன் காவலுக்கு அடியில் முனியாண்டி இருக்கிறார்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் விடியல்

இரவு நேரம் கழித்துப் படுத்தவர்களை விடிகாலையில் எழுப்புவது பாவம்தான். எழுப்புங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் ஒரே காலையில் செய்ய முடியாது.

ஒன்று, மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டாகப் பறித்து மூட்டை மூட்டையாக வரும், மொட்டு விரிவது சாயங்காலம்தான். மார்கழி, தை மாதங்களில் பனிக்கு விளைச்சல் குறைந்து விலை கிலோ ஆயிரங்களுக்கு ஏறும். வெயில் காலத்தில் பூ கொட்டும், விலை இறங்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏலக் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். தரை ஈரமாக இருக்கும், தலையில் சுமையோடு ஆட்கள் ஓடுவார்கள், வழியில் நின்று படம் எடுக்காதீர்கள். ஓரத்தில் நின்று "எடுக்கலாமாண்ணே?" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துச் சமணமலை. கீழக்குயில்குடியில் இருக்கிறது, பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடந்தேகூட வருவார்கள். அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோயில். செட்டிப்புடவு குகையில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். பேச்சிப்பள்ளத்தில் பாறை முகத்தில் வரிசையாகச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை. மேலே ஏறினால் ஒரு பக்கம் நாகமலை நீண்டு கிடக்கும், மறுபக்கம் வயல்கள். கைப்பிடிக் கம்பி இருக்கிற வழியிலேயே ஏறுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், அன்று வேண்டாம். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. பூச்சந்தையா மலையா என்று என்னைக் கேட்டால் மலை என்பேன். வீட்டுக்குப் பக்கம் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

குளித்து, டிபன் முடித்து, பத்து மணிக்குத் தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனை அது. 1959-இல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த அறையில் நண்பர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். திரும்பும்போது மேல மாசி வீதியில் அவர் தங்கிய வீட்டையும் காட்டுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு அவர் மாறியது அங்கேதான். இப்போது கீழே கதர்க் கடை நடக்கிறது.

ஆறாம் படி: மதியத்தை ஒன்றும் செய்யாதீர்கள்

பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை மதுரை உங்களை வெளியே விடாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது உத்தமம். தூக்கம் வராதவர்களை நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, உட்கார நல்ல நாற்காலி, நுழைவுக் கட்டணமும் இல்லை. படிக்க வந்த ஊரில் நீங்கள் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதையும் நண்பர்கள் பார்த்ததாக இருக்கும்.

ஏழாம் படி: ஊருக்கு வெளியே

ராமேசுவரம் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பஸ் ஜன்னலைத்தான் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானலும் அப்படியே. அதோடு 2024 மே மாதம் முதல் அங்கே வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். இரண்டையும் தனிப் பயணமாக, ஒரு இரவு தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் வெளியே போக ஒரே ஒரு அரை நாள் வைத்தால் கீழடிக்கு வையுங்கள். சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான், ராமேசுவரம் சாலையில் சிலைமானைத் தாண்டித் திரும்ப வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றமும் தூணுமாக இருக்கிறது. கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள், தங்கத் துண்டுகள், விளையாட்டுக் காய்கள். இந்தக் குடியிருப்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை சொன்னது. பெரிய சிலையையோ கோட்டையையோ எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஓட்டில் ஒருவன் தன் பெயரை 'ஆதன்' என்று கீறிவைத்திருப்பதை நின்று பார்க்கிற பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும். யாழ்ப்பாணப் பிள்ளைகள் அந்த அலமாரியை விட்டு நகரமாட்டார்கள். வார விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மாலை மூன்று மணிக்கு மேல் கிளம்பினால் திரும்பும் வழியிலேயே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. இதைத் தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் நீங்கள் முந்தின இரவு பார்த்த முக்குறுணிப் பிள்ளையார். தைப்பூசத்தன்று தெப்பம், மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் காற்று வாங்க உட்காரும் இடம். சுண்டல், கரும்புச்சாறு, பானிபூரி எல்லாம் கிடைக்கும். கீழடியையும் தெப்பக்குளத்தையும் இப்படி ஒரே பாதையில் கோத்துவிட்டால் வண்டிச் செலவு பாதி.

மலை, காடு பிடித்தவர்கள் அழகர்கோயிலுக்கு ஒரு காலை ஒதுக்கலாம், 21 கிலோமீட்டர். கீழே பதினெட்டாம்படிக் கருப்பன் காவல் காக்கும் பெருமாள் கோயில், மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுரகங்கை. கையில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தால் குரங்குகள் கேட்டு வாங்காது, பிடுங்கும். ஏற்கெனவே மதுரையைப் பார்த்த நண்பர்களாக இருந்தால் அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போங்கள். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். குடைவரைச் சிவன் கோயிலும் குன்றுகளும் இருக்கின்றன, கூட்டமே இருக்காது. ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஏறுவது நல்லது.

எட்டாம் படி: சாப்பாடு

இதில் நான் கொஞ்சம் கறார். காலையில் இட்லி, பொங்கல், பருத்திப்பால். மதியம் கறி மெஸ்களில் சாப்பாடு. அயிரைமீன் குழம்பு, குடல், கோலா உருண்டை எல்லாம் மதியமே தீர்ந்துவிடும், ஒன்றரைக்குள் உட்காருங்கள். ராத்திரி பரோட்டா, கறிதோசை. கறிதோசை என்பது தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். நேரத்தை மாற்றிக் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் நன்றாக இருக்காது.

கொத்துப் பரோட்டாவை இலங்கைப் பிள்ளைகள் தங்கள் கொத்துரொட்டியோடும், பன் பரோட்டாவை மலேசியப் பிள்ளைகள் ரொட்டி சானாயோடும் ஒப்பிட்டுச் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சால்னாவை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

சைவ நண்பர்களுக்குக் கவலையில்லை, கோயிலைச் சுற்றி அவர்கள் ராஜ்ஜியம்தான். ஹலால் வேண்டுபவர்களுக்கு நெல்பேட்டை, கோரிப்பாளையம் பக்கம் பிரியாணிக் கடைகள். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் பாட்டில். வந்த முதல் நாளே காரச் சால்னாவையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்தால் இரண்டாம் நாள் லாட்ஜ் அறையிலேயே முடிந்துவிடும்.

ஒன்பதாம் படி: ஆட்டோ

மீட்டர் என்ற பேச்சே இங்கே இல்லை. ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தெப்பக்குளம் போகணும், எவ்வளவு?" என்று கேளுங்கள். ஆப் விலைக்குப் பக்கத்தில் சொன்னால் ஏறிவிடுங்கள், பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு மடங்கு சொன்னால் "சரிண்ணே, பாத்துக்கறோம்" என்று நாலடி நடங்கள், பெரும்பாலும் பின்னாலிருந்தே குரல் வரும். பேரத்தை நீங்கள் பேசுங்கள். நண்பர்களின் தமிழைக் கேட்டதும் "எந்த ஊரு தம்பி?" என்ற கேள்வியும் வரும், விலையும் ஏறும். அரை நாள் சுற்றுவதற்கு மொத்தமாகப் பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தானா என்பதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: வழியனுப்புவது

வாங்குவதற்குச் சுங்குடிச் சேலை. சௌராஷ்டிரர்கள் வளர்த்த கைவேலை, 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியதும் உண்டு, அச்சடித்ததும் உண்டு, விலை மலைக்கும் மடுவுக்கும். கட்டி எடுத்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, துணியும் அந்த இடத்தில் லேசாகச் சுருங்கியிருக்கும். தடவிப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம், பித்தளை விளக்கு வேண்டுமென்றால் எழுகடல் தெருப் பக்கம் போகலாம். கட்டி முடிக்காமல் நின்றுபோன ராயகோபுரத்தையும் அந்தச் சாக்கில் பார்க்கலாம்.

சென்னைக்குப் போய் விமானம் ஏறுபவர்களுக்கு, விடிகாலையில் புறப்படும் வைகை எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் கொண்டுபோய் விடும். இரவு புறப்படும் பாண்டியனில் ஏறினால் காலையில் சென்னை. சர்வதேச விமானம் அன்று மாலையே என்றால் பாண்டியனைத்தான் எடுக்க வேண்டும், வைகை தாமதமானால் வழியில்லை. பயணச்சீட்டை அறுபது நாள் முன்பே போட்டுவிடுங்கள். பயணத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். லாட்ஜ் கவுன்டரில் நகல் எடுக்க வாங்கியதைத் திரும்ப வாங்கினோமா என்று அறையைக் காலி செய்யும்போதே ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாட்டுத்தாவணி வரை போன பிறகு அது நினைவுக்கு வந்து ஆட்டோவைத் திருப்பியவர்களை எனக்குத் தெரியும்.